முழு வட்டமும் மூன்று லாரியும்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. சாக்கு மூட்டையில் மை தொட்டு எண் போட்டே பழகிய கை இது. தாளில் எழுதினாலும் எழுத்து மூட்டை அளவுக்குத்தான் வருகிறது. பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்குப் பங்காளிகள் மாதிரி. யார் எந்த இடத்தில் உட்காருவது என்று ஒவ்வொரு தடவையும் தகராறு. மகள் சுதா திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் தப்பித்தவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் நீடாமங்கலத்தில் ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். டீக்கடையில் கேட்டால் ஏழு லாரி. சலூனில் கேட்டால் பதினொன்று. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், நான் யாரென்று தெரியாமல், கேரளாவிலிருந்து ஒரு கூட்ஸ் வண்டியே வந்து நின்றதாக என்னிடமே சொன்னார். (நான் மறுத்துப் பேசவில்லை. பாயசம் வருகிற நேரம்.) லாரி மூன்றுதான். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் இவ்வளவு எழுத்தும்.

ஜமால் ராவுத்தரின் அரிசி மில்லில் நான் கிடங்கு மேஸ்திரி. நெல் வந்தால் எண்ணி அடுக்க வைப்பேன், அரிசி போனால் எண்ணி ஏற்றி விடுவேன். அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால்தான் அதில் நிலைத்தேன். எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. நாலு பேர் சேர்ந்தாற்போல் எதிரே நின்றால் என் செருப்பைப் பார்த்துத்தான் பேசுவேன். பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். மல்லிகாவின் முகத்தைத் தாலி கட்டிய பிறகுதான் சரியாகப் பார்த்தேன். (அவள் என்னை முன்னாடியே நன்றாகப் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறமும் சம்மதித்தது அவள் குற்றம்.)

கையால் தேய்க்கிற போன் ஊருக்குள் வந்த புதிது. ராவுத்தருக்கு முட்டி போய்விட்டது, படியேற முடியவில்லை. ஒரே மகன் அன்சாரி துபாயில் ஒரு கப்பல் கம்பெனியில் இருந்தார். மில்லைப் பார்க்க ஆளில்லை. திருச்சியிலிருந்து ஒருவர் குத்தகைக்குக் கேட்டு நடையாய் நடந்தார். அவர் இதற்கு முன்னால் எடுத்த மில்களில் பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை; வடக்கேயிருந்து வந்த பையன்களும் புது மிஷின்களும்தான். அவர் கார் எங்கள் மில் வாசலில் நின்றாலே களத்தில் நெல் துழாவுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எல்லோருடைய சோறும் அந்தக் காரில்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. என்னுடையதும்.

தடுத்தது அன்சாரிதான். “அத்தா, கொஞ்சம் பொறுங்க. இங்கேர்ந்தே மில்லைப் பாக்கறதுக்கு சாஃப்ட்வேர் வந்துருக்கு. அது சரியா அமைஞ்சா குத்தகையே வேணாம். நானே பாத்துக்கறேன்” என்று அப்பாவிடம் போனில் சொன்னார்.

இரண்டு சாஃப்ட்வேர் வந்தன. இரண்டையும் ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், பிறகு ஒன்றை வாங்க வேண்டும் என்பது பேச்சு. ஒன்றைக் கொண்டுவந்தவர் சென்னைக்காரர். நீடாமங்கலத்து வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். அவருடையது படம் போடுகிற சாஃப்ட்வேர். எண்ணைத் தட்டினால் வட்டமாக, கம்பமாக, மலையாக, கலர் கலராக மாற்றிக் காட்டும். இன்னொருவர் தஞ்சாவூர்க்காரர். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பேசினார். அவருடையது வெறும் கட்டம். கட்டத்துக்குள் எண். சரக்கு குறைந்தால் எண் சிவப்பாகும், அவ்வளவுதான் அதன் அலங்காரம். பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை. படக்காரர், கட்டக்காரர் என்று வைத்துக்கொண்டேன்.

எது நல்லது என்று யார் சொல்வது? ராவுத்தர் மகனையே கேட்டார். அன்சாரி கூசாமல் சொன்னார்:

“வைரக்கண்ணு அண்ணன் சொல்லட்டும் அத்தா. தினம் அவர்தானே எண்ணிக்கை போடப்போறாரு. அவருக்குப் புரிஞ்சிருச்சின்னா உலகத்துல எல்லாருக்கும் புரியும்.”

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னேன். மல்லிகா அரிசி களைந்துகொண்டே, “அது பாராட்டு இல்லீங்க” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இருந்தாலும் சட்டையை மாத்திக்கிட்டுப் போங்க” என்றும் சொன்னாள்.

தினம் சாயங்காலம் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு விரலால் தட்டுவேன். பெரிய கிடங்கில் எத்தனை மூட்டை, ரோட்டுக் கிடங்கில் எத்தனை, தகரக் கொட்டகையில் எத்தனை. படக்காரருடையதில் ஒரு தடவை, கட்டக்காரருடையதில் ஒரு தடவை. முதல் வாரம் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. களத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தால் விரலைச் சும்மாவே இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுவேன்.

பிறகு கிடங்கு காலியாக ஆரம்பித்தது. அந்த வருஷம் மேட்டூர் நேரத்துக்குத் திறக்கவில்லை. குறுவை என்று ஒன்று நடக்கவே இல்லை. இருந்த நெல்லை அரைத்து, இருந்த அரிசியை அனுப்பி, ஆடி கடைசியில் மூன்று கிடங்கும் துடைத்துவிட்டாற்போல் காலியாகிவிட்டது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி தட்டினேன். கட்டத்தில் மூன்று சுழி, மூன்றும் ரத்தச் சிவப்பு. படத்தில் வட்டமே காணோம், வெள்ளையாக இருந்தது. பால் பொங்காத அடுப்பு மாதிரி ஒரு வெறுமை.

அந்த நேரம் பார்த்து ராவுத்தர் கைத்தடியோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“என்னப்பா வைரக்கண்ணு இது? மஃரிப் தொழுகை நேரத்துல மூணு சுழியக் காட்டுற?”

“கிடங்கு அப்படித்தாங்க இருக்கு.”

“இருக்கட்டும்ப்பா. அதை இப்படி ரத்தக் கலர்லயா சொல்லணும்? நெல்லு வச்ச எடம்ப்பா. எடு, எடு.”

எனக்கும் அதே எண்ணம்தான். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்றே சொல்ல மாட்டோம். ‘லாபம்’ என்று ஆரம்பித்து, அப்புறம்தான் இரண்டு, மூன்று. ஒன்றுக்கே அவ்வளவு மரியாதை. சுழிக்கு எங்கே போவது? மரக்காலைக்கூட முழுக்கக் கவிழ்த்துத் தட்டமாட்டோம், அடியில் ஒரு பிடி நிற்கட்டும் என்று விடுவோம். அப்படிப் பழகிய கை, நெல் கிடங்குக்கு நேராகச் சுழியைத் தட்ட வேண்டுமென்றால் கூசுமா கூசாதா?

யோசித்தேன். (நான் யோசித்த சந்தர்ப்பங்கள் எதுவுமே நல்லபடியாக முடிந்ததில்லை.) எந்தக் கிடங்கைப் பெருக்கினாலும் மூலையில் ஒரு மரக்கால் நெல்லாவது கூடும். அதை ஒரு மூட்டை என்று வைத்துக்கொண்டால் என்ன கெட்டுப்போய்விடும்? பெரிய கிடங்கு ஒன்று. ரோட்டுக் கிடங்கு ஒன்று. தகரக் கொட்டகை ஒன்று. தட்டினேன்.

கட்டம் கொஞ்சமும் இரங்கவில்லை. ஒன்று, ஒன்று, ஒன்று என்று அதையும் சிவப்பாகவே காட்டியது. ஆனால் படம் இருக்கிறதே! சட்டென்று ஒரு வட்டம் எழுந்தது. பௌர்ணமி மாதிரி முழு வட்டம். பச்சை ஒரு பங்கு, மஞ்சள் ஒரு பங்கு, நீலம் ஒரு பங்கு. ஒரு இடத்தில்கூடப் பொக்கை இல்லை. ராவுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஆங். இப்ப எப்படி இருக்கு பாரு. பாக்கவே வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்கு.”

இலவச மாதம் முடியும்வரை தினமும் அந்த வட்டம்தான். நானும் ராவுத்தரும் சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து அதைப் பார்ப்போம். வெளியே மில் சத்தம் இல்லை, களத்தில் காக்கை இல்லை. உள்ளே வட்டம் நிறைந்திருந்தது.

முடிவு சொல்லும் நாள் வந்தது. துபாயிலிருந்து அன்சாரி கம்ப்யூட்டர் திரையில். அறைக்குள் ராவுத்தர், படக்காரர், கட்டக்காரர், நான், என் செருப்பு.

“சொல்லுங்கண்ணே, எது?”

வீட்டில் மல்லிகாவிடம் நாலு வரி ஒப்பித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரு வரிகூட வரவில்லை.

“வட்டம்… வட்டந்தாங்க தம்பி.”

“ஏன்னு சொல்லுங்க?”

“பாக்க நெறைவா இருக்குங்க.”

இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. அன்சாரி சிரித்துவிட்டு, “அண்ணனுக்கே புடிச்சுப்போச்சு, முடிச்சிருவோம்” என்றார். படக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கைகுலுக்குவது எனக்குப் பழக்கமில்லை; எப்போது விட வேண்டும் என்று தெரியாமல் அவர் கையை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டக்காரரை வாசல்வரை கொண்டுபோய் விடச் சொன்னார்கள். ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன் அவர் மெதுவாகச் சொன்னார்:

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. வட்டம் எப்பவும் முழுசாத்தான் இருக்கும். மூணு மூட்டைன்னாலும் அதே வட்டந்தான், மூவாயிரம்னாலும் அதே வட்டந்தான். யாருக்கு எத்தனை பங்குன்னுதான் அது காட்டும். மொத்தம் எத்தனைன்னு வட்டத்தைப் பாத்துத் தெரியாது.”

தோற்றவர் பேச்சு என்று நினைத்துக்கொண்டு, “சரிங்க, பாத்துப் போங்க, ரயில்வே கேட்டு மூடிருவாங்க” என்றேன். உலகத்திலேயே அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆளுக்கு நான் சொன்ன பதில் அதுதான்.

இனிமேல் நடந்ததற்கு எனக்கு மட்டும் பொறுப்பில்லை என்று சொல்ல ஆசை. முன்னெல்லாம் அன்சாரி தினமும் சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, நெல் வந்ததா, அரிசி போனதா என்று கேட்பார். சாஃப்ட்வேர் வந்ததும் அதை நிறுத்திவிட்டார். “எல்லாம் என் கையிலயே தெரியுது அத்தா, உங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்?” அவர் போனில் திறந்ததும் வட்டம் தெரியும். ஒவ்வொரு பங்கின் மேலும் நூற்றுக்கு முப்பத்து மூன்று என்று போட்டிருக்கும். மூட்டை எத்தனை என்று பார்க்க வேண்டுமானால் வட்டத்தின் மேல் ஒரு தட்டு தட்ட வேண்டும். அவர் தட்டவில்லை. ஊரில் குறுவை இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஊரெல்லாம் காலியாக இருக்கும்போது நம் கிடங்கு மட்டும் நிறைந்திருக்கிறதே, இதுதான் விற்கிற நேரம் என்று துபாயில் அவரோடு தங்கியிருந்த ஒரு பாலக்காட்டு வியாபாரியிடம் வட்டத்தைக் காட்டிப் பேசி முடித்துவிட்டார். அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எங்களிடம் மூச்சு விடவில்லை.

ஆச்சரியம் வெள்ளிக்கிழமை வந்தது.

ராவுத்தர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நிழலில் நின்றேன். கேரளா நம்பர் லாரி ஒன்று திரும்பியது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. (மூன்று. எண்ணுவதுதான் என் தொழில்.) முதல் வண்டி டிரைவர், தடித்த மீசைக்காரர், குதித்து இறங்கினார்.

“மேஸ்திரி நீங்களா? லோடு ரெடியா? உங்க சின்ன முதலாளி ஃபுல் ஸ்டாக்குன்னு சொன்னாரே.”

நான் செருப்பைப் பார்த்தேன். அதில் பதில் இல்லை. வாய் வராததால் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய கிடங்கைத் திறந்துவிட்டேன். அதை நான் செய்திருக்கக் கூடாது. மூன்று டிரைவர், மூன்று கிளீனர், களத்துப் பெண்கள், மில் ஆட்கள் எல்லாரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கதவு திறந்ததும் உள்ளிருந்து காலிக் கிடங்கின் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. மீசைக்காரர், “ஸ்டாக் எங்கே?” என்றார். கிடங்கும் திருப்பி, “எங்கே?” என்றது.

கடைசி மூலையில் ஏதோ அசைந்தது. எங்கள் மில் பூனை. அன்றைக்குத்தான் குட்டி போட்டிருந்தது.

மீசைக்காரர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

“மேஸ்திரி, பூனையை எந்த வண்டியில ஏத்தணும்?”

களத்துப் பெண்கள் வாயைப் பொத்தியும் பார்த்தார்கள், முடியவில்லை.

ராவுத்தர் தொப்பியோடு வந்து இறங்கியபோது வாசலில் லாரிகள், கிடங்கில் கூட்டம், நடுவில் நான். விஷயத்தை டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மகனுக்கு வீடியோ கால் போட்டார். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“அண்ணே, என்ன நடக்குது அங்க? வட்டம் ஃபுல்லா இருக்கே! நிமிர்ந்து பேசுங்கண்ணே, உங்க வழுக்கைதான் தெரியுது.”

நிமிர்ந்தேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூனையும்.

“சுழி போட மனசு வரலீங்க தம்பி.”

“என்னது?”

“நெல்லு கிடங்குக்கு சுழி போடக் கூடாதுங்களே. அதான்… ஒண்ணு போட்டேன்.”

“ஒண்ணுன்னா? ஆயிரமா?”

“ஒண்ணுங்க. பெரிய கிடங்குல ஒண்ணு, ரோட்டுக் கிடங்குல ஒண்ணு, தகரக் கொட்டகையில ஒண்ணு.”

துபாயிலிருந்து சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ராவுத்தர் போனை ஆட்டிப் பார்த்தார். போகவில்லை. அன்சாரி அங்கே முதல் தடவையாக வட்டத்தின் மேல் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு மூட்டை” என்று கடைசியில் ஒரு குரல் வந்தது. “அத்தா, மூணு மூட்டைக்கு மூணு லாரி அனுப்பியிருக்கேன்.”

லாரிக்காரர்களுக்கு ராவுத்தர் வீட்டு நெய்ச்சோறு போட்டார்கள். அன்சாரி துபாயில் இருந்தபடியே யார் யாரையோ பிடித்து, திருவாரூர்ப் பக்கம் ஒரு மில்லில் அதிக விலைக்கு அரிசி வாங்கி, அந்த வண்டிகளை அங்கே திருப்பிவிட்டார். போகும்போது மீசைக்காரர் என் தோளைத் தட்டி, “பூனையைப் பாத்துக்கோங்க மேஸ்திரி” என்றார். எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. ஒரு வாரம் மூட்டை தூக்கியது போல் உடம்பு சோர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் ராவுத்தர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

“நானுந்தாம்ப்பா சொன்னேன், சுழியக் காட்டாதேன்னு” என்றார். முட்டியைத் தடவிக்கொண்டே, “எனக்கும் முடியலப்பா. திங்கக்கெழமை திருச்சிக்காரரை வரச் சொல்லிட்டேன்” என்றார்.

வீட்டுக்குப் போனேன். இதை எப்படி மல்லிகாவிடம் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

“என்னங்க, பூனையை ஏத்தி விட்டுட்டீங்களா?”

எனக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது. சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். திருச்சிக்காரர் வருவதைச் சொன்னேன். தட்டு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலையிலிருந்து யாருக்கும் வேலை ஓடவில்லை. வேலையும் இல்லை. களத்துப் பெண்கள் சுத்தமாக இருந்த களத்தை மறுபடியும் பெருக்கினார்கள். மத்தியானம் ஆயிற்று. கார் வரவில்லை. சாயங்காலம் ராவுத்தர் போன் செய்து கேட்டார். பேசிவிட்டு ஒரு மாதிரி முழித்துக்கொண்டு வெளியே வந்தார்.

நடந்தது இதுதான். திருச்சிக்காரர் நேரத்துக்கு வந்திருக்கிறார். எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடியிருந்திருக்கிறது. எங்கள் ஊர் கேட் மூடினால் அவசரக்காரர்கள்கூட இறங்கி டீ குடித்துவிடலாம். அவரும் இறங்கியிருக்கிறார். டீக்கடையில் ஒரே சிரிப்பு. என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். கேட் திறக்கும்வரை சொல்லியிருக்கிறார்கள், விஸ்தாரமாக, ஆள் ஆளுக்கு நடித்துக் காட்டி. அதற்குள்ளேயே லாரி ஐந்தாகியிருந்தது. கேட் திறந்ததும் அவர் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

“கிடங்குல என்ன இருக்குன்னு மொதலாளிக்கும் தெரியல, மேஸ்திரிக்கும் தெரியல. அந்த மில்லுல கை வச்சா நம்ம கணக்கும் பூனையாயிரும்னு சொல்றான்ப்பா” என்றார் ராவுத்தர். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, கைத்தடி நழுவி, நான் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

இப்படியாக, என் மானம் போனதால் நாற்பது பேரின் வேலை தப்பியது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சொல்வதில்லை. ஒரு தடவை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மல்லிகா, “அப்ப சம்பளத்தை ரயில்வே கேட்டுக்குத்தான் குடுக்கணும்” என்றாள்.

அன்சாரி லீவு போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் தஞ்சாவூர்க் கட்டக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். நான் அவர் கண்ணில் படாமல் கொட்டகைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தேடிக்கொண்டு வந்து, “நல்லா இருக்கீங்களாய்யா?” என்று மட்டும் கேட்டார். அது இன்னும் உறைத்தது.

கட்டத்தில் கிடங்குக்கு ஒரு வரிசையாக மூன்று வரிசை இருந்தது. அன்சாரி நாலாவதாக ஒன்று போடச் சொன்னார்.

“அதுக்கு என்ன பேரு சார் வைக்கணும்?”

“வைரக்கண்ணு அண்ணன் மூட்டைன்னு போடுங்க. எப்பவும் ஒண்ணு. அதுக்கு மட்டும் சிவப்பு வரக் கூடாது.” என் பக்கம் திரும்பி, “இனிமே மத்த மூணுலயும் உள்ளதைப் போடுங்கண்ணே. சுழின்னா சுழி. மனசு கேக்கலைன்னா கீழே உங்க மூட்டையைப் பாத்துக்கங்க” என்றார்.

திரையில் மட்டும் இருந்தால் போதாது என்று ராவுத்தர் நிஜமாகவே ஒரு மூட்டை நெல்லைப் பெரிய கிடங்கின் மூலையில் வைக்கச் சொல்லிவிட்டார். வருஷா வருஷம் தை அறுவடையில் புது நெல் மாற்றுகிறோம். அன்சாரி துபாய்க்குத் திரும்பினார். இப்போது கட்டத்தையும் பார்க்கிறார், தினம் அப்பாவுக்குப் போனும் செய்கிறார். “உங்க மூட்டை பத்திரமாண்ணே?” என்று என்னிடமும் ஒரு தடவை கேட்டுவிடுவார்.

எங்கள் வீட்டில் அரிசி டின் காலியானால் மல்லிகா வாயால் சொல்வதில்லை. என்னைப் பார்த்து ஆகாயத்தில் விரலால் ஒரு வட்டம் போடுவாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சுதா கல்யாணமாகிப் போன வீட்டிலும் இதைப் பழக்கிவிட்டாள். சம்பந்தி வீட்டில் கேஸ் தீர்ந்தால் வட்டம், மாப்பிள்ளை பர்ஸ் காலியானால் வட்டம். அங்கே போகும்போது ஒரு குழந்தை என்னைக் காட்டி, “இவங்கதான் பூனைத் தாத்தாவா?” என்று கேட்டது. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்று கிடங்கு மூன்றும் காலி. சாயங்காலம் உட்கார்ந்து சுழி, சுழி, சுழி என்று தட்டினேன். விரல் இன்னும் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. வாசலிலிருந்து ராவுத்தர் குரல் கொடுத்தார்.

“போட்டியாப்பா?”

“போட்டுட்டேங்க.”

“நம்ம ஒண்ணு?”

“அது இருக்குங்க.”

ஆவணி மாதம், முதல் வெள்ளிக்கிழமை, நீடாமங்கலம்.